தங்கமானில் கை நனைத்தது

எசன்,
15.4.96

அக்காவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, லவினியாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சரிவராது.

எனக்கு இடுப்புப் பிடிப்பைத் தவிர வேறு சேதம் இல்லை. நீங்கள் பிறெசர் குளிசையைத் தவறாமல் போடுகிறீர்களா? நீங்களும் பிள்ளையும் மாதா காவலில் இருக்க வேண்டும்.

இனி விஷயம். "ஜேர்மனியிலை சொந்த ரெஸ்ரோறன்ற்" என்று தரகர் அம்புறோஸ் உங்களுக்குச் சொன்னாரே, அது ஆஹெனுக்கும் அப்பால், காட்டுக்குள் ஒரு கிராமம். இங்கிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். கடையின் பெயர் தங்கமான். போன வருடம்வரை மாடு வளர்க்கிறவர்களும் உழவு மெஷின்காரரும் பியர் குடித்துக் காட்ஸ் அடித்த தவறணை. இப்போது திருத்திச் சாப்பாட்டுக்கடை ஆக்கியிருக்கிறார்கள். பழசாகத் தெரிய வேண்டும் என்று புதுக்காசைக் கொட்டியிருக்கிறார்கள், அக்கா. நல்ல சீமெந்துப் பூச்சைக் கொத்தி எறிந்துவிட்டு உள்ளே இருந்த கல்லை வெளியே காட்டியிருக்கிறது. சுவரில் கலப்பை, ஓட்டைப் பால்வாளி, குதிரையின் கழுத்துப்பட்டி. என்னை இருத்தியது அந்தப் பட்டிக்குக் கீழே. மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேசையில் மெழுகுதிரி. பூசை வைக்கப்போகிறார்களாக்கும் என்று எழும்பி நிற்கப் பார்த்தேன்.

சாப்பாட்டைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். ஆடு வளர்த்தவனின் பெயர்கூட இருந்தது. ஆட்டின் பெயர் மட்டும்தான் இல்லை. பக்கத்து மேசைக்கு வந்ததைக் கண்டேன். சைக்கிள் சில்லு அளவு பீங்கான், நடுவே இரண்டு விரல் அகலத்தில் இறைச்சி, பருப்பு ஒரு கரண்டி, சுற்றிவரச் சாற்றால் ஒரு கோடு. தண்ணீரில்லாத ஊரில் வாய்க்கால் வெட்டினமாதிரி. அந்தச் சாற்றிலும் மிளகு தூக்கல். சீரகத்தை வேறு ஒளித்துப் போட்டிருக்கிறான். விலை முப்பத்தாறு மார்க்.

நான் ஆரென்று சொல்லவில்லை. சொன்னால் பெரிய துண்டு வரும், உண்மை வராது. சாப்பாட்டுக்கடையை முன்பக்கத்தால் பார்க்கிறவன் விசரன். கக்கூசைப் பார்த்தேன். பின்பக்கம் போய்க் குப்பைவாளியைத் திறந்தேன். வெறுமை. வாளி வெறுமை என்றால் கடைக்குச் சனம் இல்லை. பரிமாறிய பெட்டையிடம் கதை கொடுத்ததில் மிச்சமும் தெரிந்தது. கடை ஒரு பல்வைத்தியரின் பெண்சாதியுடையது. எங்கள் ஆள் அங்கே குசினிக்காரன்.

பிள்ளையைக் கொழும்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் எழுதியது ஞாபகத்தில் இருக்கிறது. அதற்காகக் கிடைத்த கையில் பிடித்துக் கொடுக்க ஏலாது. காரின் பின்பெட்டியில் மரக்கறி வைத்து அகதிமுகாம் வாசல்களில் விற்றுக் கடை போட்டவன் நான். முதலாளிக்கும் சம்பளக்காரனுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். வேறு இடம் பார்ப்போம்.

தம்பி
இன்னாசி


கொட்டாஞ்சேனை,
3.5.96

தம்பி இன்னாசித்தம்பிக்கு,

குளிசை போடுகிறேன். நீ மூட்டை தூக்குவதை விடு; ஆள் வைத்துத் தூக்கு. லவினியா சுகம். வெளியே அவ்வளவாகப் போவதில்லை. ரைப்பிங் வகுப்பையும் நிற்பாட்டிவிட்டாள்.

உன் கடிதத்தில் இரண்டு இடம் எனக்கு விளங்கவில்லை. சனமே இல்லாத கடையில் பக்கத்து மேசைக்குச் சாப்பாடு எப்படி வந்தது? மிளகு தூக்கல் என்று கண்ணால் பார்த்தா கண்டுபிடித்தாய்?

நீ எழுதாததை மதலேனாக்கா சொன்னா. மாப்பிள்ளை டக்ளசின் தாய். எங்கள் ஒழுங்கையிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறா. நேற்றுமுன்தினம் கேக்கும் கையுமாக வந்து நிற்கிறா.

"பேர்பெச்சுவா, உம்மடை தம்பி என்ரை பிள்ளையின்ரை கையாலை கை நனைச்சிட்டாராம். இனியென்ன, நாங்கள் சம்பந்திமார்!"

மகன் எழுதினானாம். சூட் போட்ட தமிழாள் ஒருவர் தனியாக வந்து, சூப்பும் ஆடும் சாப்பிட்டு, பாணால் பீங்கானைத் துடைத்து, பிறகு பின்னால் போய்க் குப்பைவாளியைத் திறந்து பார்த்தாராம். "பெம்பிளைப் பகுதியைத் தவிர வேறை ஆரம்மா இந்தக் காட்டுக்கை வந்து குப்பைவாளி திறக்கப் போகினம்" என்று எழுதியிருக்கிறான்.

வழக்கம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை பகுதியில் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டோம். சாப்பிட்டால் சம்மதம். மதலேனாக்கா ஒழுங்கை முழுக்கக் கேக் கொடுத்துவிட்டா. இனி நான் என்ன முகத்தோடு இல்லையென்பது?

இங்கிருந்து பிள்ளை வெளிக்கிட இந்த ஒரு வழிதான் என் கண்ணுக்குத் தெரிகிறது. யோசித்து எழுது. ரெலிபோன் எடுக்காதே. கொமியூனிக்கேஷன் கடையில் எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் கேட்பார்கள்.

அக்கா


எசன்,
16.5.96

அக்காவுக்கு,

இடுப்புக்குச் சுகம் வந்தது. உங்கள் கடிதத்தைப் பார்த்துத் தலை இடிக்கத் தொடங்கிவிட்டது. லவினியாவைப் புத்தகமாவது வாசிக்கச் சொல்லுங்கள், சும்மா இருந்து யோசித்தால் ஆள் கெட்டுப்போகும்.

ஓம், சாப்பிட்டேன். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கடையில் இருந்து செபமாலையா சொல்வது? ஆனால் காசு கொடுத்துச் சாப்பிட்டது கை நனைத்தல் ஆகாது. அறுபத்திரண்டு மார்க், பில் என்னிடம் இருக்கிறது. காசு கொடுத்துத் தின்ற இடமெல்லாம் சம்பந்தம் என்றால், எசன் ஸ்ரேசன் வாசலில் சொசேஜ் விற்கிற கிழவனுக்கு நான் பத்து வருடமாகச் சம்பந்தி. அதோடு, முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டேன். என் கையில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை. மதலேனாக்காவுக்கு இதைச் சொல்லுங்கள். கேக்குக் காசு வேண்டுமென்றால் நான் தருகிறேன்.

பாணால் துடைத்ததும் உண்மைதான். அந்தச் சாற்றுக் கோட்டைக் கரண்டியால் அள்ள ஏலாது. கடைக்காரன் வேறு வழி வைக்கவில்லை.

இங்கே எசனில் கிறிஸ்ரியன் என்று ஒரு பெடியன் இருக்கிறான். எங்கள் பக்கம்தான், மன்னார். பகலில் இரும்புத் தொழிற்சாலை, பின்னேரம் பீட்சாக் கடை. சொந்தக் கார். சீதனம் கொஞ்சம் கூடக் கேட்கிறான், நான் இறக்குவேன். அவசரப்படுகிறவன்தான் கூட விலை கொடுப்பான், அக்கா. வியாபாரத்தில் நான் படித்த முதல் பாடம் அது. கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி
இன்னாசி


தங்கமான்,
27.5.96

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

அண்ணை என்று எழுதுவதா மாமா என்று எழுதுவதா என்பது உங்கள் கையில் இருப்பதால் இப்போதைக்கு ஐயா என்று எழுதுகிறேன். அன்று கதிரையிலிருந்து எழும்பும்போது இடுப்பைப் பிடித்தீர்கள். இப்போது சுகமென்று நம்புகிறேன்.

இத்துடன் அறுபத்திரண்டு மார்க் வைத்திருக்கிறேன். உங்களிடம் காசு வாங்க வேண்டாம் என்று குசினிக்குள் இருந்து சொல்லி அனுப்பினேன். பரிமாறுகிற ஜெசிக்கா வேலைக்குப் புதிது, மறந்துவிட்டாள். பெண்ணின் மாமனிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கினேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். ஆகவே நீங்கள் சாப்பிட்டது கடையில் இல்லை, என்னிடம்.

முதலாளி என்று அம்புறோஸ் சொன்னது தரகு. நான் குசினிக்காரன். இது தவறணையாக இருந்தபோது உருளைக்கிழங்குத் தோல் சீவ வந்தவன். புது முதலாளியம்மா சுவரைக் கொத்த ஆள் பிடித்தா. குசினியை என்னிடம் விட்டா. மெழுகுதிரியும் குதிரைப்பட்டியும் அவவின் பொறுப்பு. பீங்கானில் இருப்பது என்னுடைய பொறுப்பு.

அன்று எல்லா மேசையும் நிறைந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அப்படியிருந்தும் குப்பைவாளி ஏன் வெறுமையாக இருந்தது என்பது வியாபாரியான உங்களுக்கு விளங்கியிருக்கும்.

திங்கட்கிழமைகளில் கடை பூட்டு. வந்தால் ஆறுதலாகக் கதைக்கலாம்.

யாகோப்பு டக்ளஸ்


எசன்,
1.6.96

டக்ளசுக்கு,

சுகம் விசாரித்தீர். என் இடுப்பு உம்முடைய பொறுப்பில் இல்லை.

காசைத் திருப்பி அனுப்புகிறேன். வியாபாரி கொடுத்த காசைத் திரும்ப வாங்கமாட்டான்.

பின்வாசலில் மரக்கறிப் பெட்டிகளையும் பார்த்தேன். கொத்தமல்லி வாடிக் கிடக்கிறது. இஞ்சியில் பூஞ்சணம். ஒரு கட்டுக் கொத்தமல்லி நாலு மார்க்குக்கு வாங்குவதாக ஜெசிக்கா சொன்னாள். நாலு மார்க்! உம்மை ஏய்க்கிறவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லும். எலும்பை அவித்து வடித்து வற்றவைத்து அவ்வளவு மினக்கெடுகிறவன், கொத்தமல்லிக் கட்டில் கோட்டை விடுகிறான். இப்படிப் போனால் உமது முதலாளியம்மாவின் மெழுகுதிரிச் செலவுக்கே மிஞ்சாது. பெண் கேட்க முதல் வாங்கப் பழகும்.

மிளகையும் குறையும்.

இன்னாசித்தம்பி


கொட்டாஞ்சேனை,
22.6.96

தம்பிக்கு,

எழுதச் சுணங்கிவிட்டது. வீட்டில் கொஞ்சம் அலைச்சல். இப்போது எல்லாரும் சுகம். எனக்குப் பிறெசர் ஏறி இறங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. உன் இடுப்பைக் கவனி.

லவினியா இரவில் மதலேனாக்கா வீட்டில் படுக்கிறாள். அந்த வீட்டின் சொந்தக்காரர் சிங்களவர், நாலு பேரைத் தெரிந்தவர்.

கிறிஸ்ரியன் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பான். ஆனால் நீ பேரம் பேசி முடிக்கும்வரை என்னால் பொறுக்க ஏலாது. ஒருக்கால் திரும்ப அந்தக் கடைக்குப் போ. போய் அவனோடு கதை. ஆட்டைப் பற்றி வேண்டாம்.

அக்கா


எசன்,
4.7.96

அக்காவுக்கு,

என்ன அலைச்சல்? எழுதாமல் மறைத்தால் எனக்கு எப்படித் தெரியும்? அறையை மாற்றினீர்களா, வாடகையைக் கூட்டிவிட்டானா? பிறெசருக்கு நல்ல டொக்டரிடம் காட்டுங்கள்.

கலியாணம் முற்றாகாத பிள்ளை மாப்பிள்ளை வீட்டில் போய்ப் படுப்பது என்ன பழக்கம்? பெண்பகுதி இப்படி இறங்கினால் மதலேனாக்கா தலையில் ஏறி இருப்பா. விலை பேசி முடிய முதல் சாமானைக் கொண்டுபோய் மற்றவன் கடையில் வைக்கிறவனை நான் இதுவரை கண்டதில்லை.

கிறிஸ்ரியன் இறங்கி வருகிறான். நேற்றுக் கடையில் வந்து அரிசி வாங்கிக்கொண்டு நிற்கும்போது, "அண்ணை, நீங்களாப் பாத்துச் சொல்லுங்கோ" என்றான். வாய் அப்படிச் சொன்னால் கை பாதிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஓகஸ்ற் முடியும்வரை பொறுப்போம்.

உங்கள் தங்கமான் குசினிக்காரன் அறுபத்திரண்டு மார்க்கை மறுபடியும் அனுப்பியிருக்கிறான். தபால் உறைக்குள் ஈரத்துணியில் சுற்றி ஒரு பிடி கொத்தமல்லி. குசினி யன்னலில் தானே வளர்த்ததாம், இனி நாலு மார்க் கொடுக்கமாட்டானாம். நாலு இலை வளர்த்து நாற்பது பேருக்குச் சமைக்கப் போகிறான். விசரன்.

தம்பி
இன்னாசி


கொட்டாஞ்சேனை,
20.7.96

அன்பின் மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

உங்களுடைய மே மாதக் கடிதம், சொசேஜ் கிழவன் வருகிற கடிதம், இங்கே வந்த அன்று நான் வீட்டில் இல்லை. சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. அம்மாவுக்குப் பிறெசர் ஏறிப் பொலிஸ் வாசலில் நிற்க முடியவில்லை. இரண்டு நாளும் நின்றது மதலேனம்மா. தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அங்கே இருந்த பெரியவரிடம் திருப்பித் திருப்பி ஒன்றையே சொன்னாவாம்.

"இது என்ரை மருமகள். இவளின்ரை மாமன் ஜேர்மனியிலை என்ரை மோன்ரை கையாலை சாப்பிட்டிட்டார். எங்கடை ஆக்கள் சாப்பிட்டா முடிஞ்சுது. பிள்ளை இங்கை இருக்கிற பிள்ளை இல்லை, கலியாணத்துக்கு வெளிக்கிடுற பிள்ளை."

டக்ளஸ் எழுதிய கடிதத்தையும் எடுத்துக் காட்டினா. குப்பைவாளியை நீங்கள் திறந்த இடத்தை ஒருவர் சிங்களத்தில் சொல்ல, பெரியவர் சிரித்துவிட்டாராம். பிறகுதான் விட்டார்கள். அடுத்தமுறை அவரே அங்கே இருப்பாரோ தெரியாது.

நீங்கள் சாமான் என்று எழுதியதையும் வாசித்தேன்.

டக்ளசை எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர் எனக்கு இரண்டு கடிதம் எழுதினார். பிடித்திருக்கிறது. மிச்சம் நீங்கள் சொல்வது.

லவினியா


எசன்,
6.8.96

அக்காவுக்கு,

நேற்றுத் திங்கட்கிழமை தங்கமானுக்குப் போனேன்.

உங்களுக்குப் பிறெசர் எப்படி? லவினியா எங்கே படுத்தாலும் சரி, நன்றாகப் படுக்கட்டும். உங்களுக்கு ஏன் அவசரம் என்று இனி நான் கேட்கமாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

கடை பூட்டியிருந்தது. கதிரைகள் மேசைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தன. மெழுகுதிரி இல்லாமல் பார்த்தால் அதன் உண்மை முகம் தெரிகிறது: பூச்சு உதிர்ந்த தவறணை. முதலாளியம்மா இப்போது வாசலுக்கு மேலே ஒரு வண்டிச்சில்லும் தொங்கவிட்டிருக்கிறா. வண்டி எங்கே என்று கேட்க ஒருவரும் இல்லை.

டக்ளஸ் பின்கதவைத் திறந்தான். படத்தில் பார்த்ததைவிட மெல்லிய ஆள். நெற்றியில் எண்ணெய் சுட்ட தழும்பு.

"வாங்கோ ஐயா. முன்னாலை இருப்பமோ?"

"குதிரைப்பட்டிக்குக் கீழையோ? குசினிக்கையே இருப்பம்."

அடுப்பில் சோறு இருந்தது. அந்த ஊர் ஆற்றுமீனில் புளி விட்டுக் குழம்பு வைத்திருந்தான். ஆற்றுமீனில் குழம்பு! கடல்மீனில் வளர்ந்த மன்னாரான் செய்கிற வேலையா இது? இரண்டு தகரக் கோப்பை எடுத்து வைத்தான். சைக்கிள் சில்லுகளெல்லாம் அலுமாரிக்குள்.

"கரண்டி?" என்றேன்.

"திங்கக்கிழமை கரண்டியும் பூட்டு."

"பில்?"

"மெஷினும் பூட்டு."

சிரிக்காமல் சொன்னான், அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டவில்லை.

"மிளகு குறைச்சனீரோ?"

"இல்லை."

"குறைக்கச் சொல்லி எழுதினனான்."

"வாசிச்சனான் ஐயா. கூட எண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். அதுவும் பாணாலை துடைச்சுப்போட்டு."

எழுந்துபோய்க் கழுவுகிற தொட்டியில் கையைக் கழுவினேன். வந்திருந்து ஐந்து விரலும் நனையச் சாப்பிட்டேன். இரண்டாந்தரம் சோறு கேட்டேன். புளி காணாது. மற்றபடி பரவாயில்லை.

பிறகு கதைத்தோம். வியாபாரம் தெரியாத பெடியன். என்ன சீதனம் எதிர்பார்க்கிறீர் என்றால் ஒன்றும் வேண்டாம் என்கிறான். சரி, பாதியாவது சொல்லும் என்றால், ஒன்றுமில்லாததில் பாதி என்ன என்று கேட்கிறான். இப்படிப்பட்டவனோடு பேரம் பேசுவது வலு கஷ்டம், இறக்க இடமில்லை.

வெளிக்கிடும்போது, "அப்ப நான் இனி என்னெண்டு கூப்பிடுறது?" என்றான்.

"குழம்பிலை புளியைக் கூட்டும். பிறகு மாமா எண்டு கூப்பிடும்" என்றேன்.

அவனுடைய அகதிப் பாஸ்போட்டில் கொழும்புக்கு வர ஏலாது, திருச்சிக்கு வரலாம். நீங்களும் லவினியாவும் மதலேனாக்காவும் கலியாணம்வரை அங்கே நிற்க வேண்டாம். விசா குத்தின கையோடு திருச்சிக்கு ஏறுங்கள். என் சிநேகிதன் அசோகனின் மேல்வீடு வெறுமையாக இருக்கிறது, சொல்லிவிட்டேன். கிறிஸ்ரியனுக்கும் சொல்லிவிட்டேன். அம்புறோஸ் தரகுக் காசு கேட்டு வந்தால், முதலாளி மாப்பிள்ளை எங்கே என்று முதலில் கேளுங்கள்.

சேலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

தம்பி
இன்னாசித்தம்பி

பி.கு.: பேசி முடித்தது இதுதான், மதலேனாக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். சீதனம் இல்லை. செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை கோவிலில் கலியாணம். தாலி அவனுடையது, கூறையும், மூன்று பேரின் பிளேன் ரிக்கெற்றும், திருச்சிச் செலவும் என்னுடையது. அன்றைய சாப்பாட்டை அவன் சமைக்கக்கூடாது. அறுபத்திரண்டு மார்க்கை இரண்டு பேரும் எடுக்கவில்லை, மாதா கோவில் உண்டியலில் போட்டாயிற்று. செவ்வாயும் வெள்ளியும் தங்கமானுக்கு மரக்கறி நான் கொண்டுபோய் இறக்குவேன். கொத்தமல்லி கட்டு ஒரு மார்க் இருபது, இஞ்சி கிலோ ஐந்து மார்க். கடன் இல்லை, கையில் காசு. மருமகன் என்பதற்காக ஒரு சதமும் குறையாது.